வினாப்படிவத்தில் இல்லாத கேள்வி
(வெண்மணியில் உயிரிழந்தோர் நினைவாக நன்னிலத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் நினைவாக இங்கே பேச வருகிறவர்கள் கூலியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், தீர்ப்பைப் பற்றியும் வெண்மணியை எழுதிய நாவல்களைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். இந்த ஆண்டு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நாங்கள் சொன்னதும் அமைப்பாளர்களில் ஒருவர், "அது பல்கலைக்கழகத்துக்காரங்க சமாச்சாரமாச்சே" என்றார். அப்படி நினைப்பதால்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. நம் தெருப் பெண்களின் உடம்பையும் உழைப்பையும் பற்றி யார் கேள்வி கேட்கிறார்கள், யார் எழுதுகிறார்கள், எழுதியது யார் பெயரில் வருகிறது என்பதெல்லாம் கூலியைப் போலவே நம் விவகாரம்.

தஞ்சை மண்ணைப் போல ஆராயப்பட்ட மண் இந்தியாவில் அதிகம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1918-இல் வந்த அந்த நூலில் கீழத்தஞ்சையின் பாலக்குறிச்சியும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் காத்லீன் கஃப் வந்தார், 1976-இல் மறுபடியும் வந்தார். 1960களின் தொடக்கத்தில் ஆந்த்ரே பெத்தேய் வந்தார். ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்ட ஊரைப் பற்றி அவர் 1965-இல் வெளியிட்ட நூலைச் சமூகவியல் படித்தவர்கள் யாரும் தாண்டி வந்திருக்க முடியாது. நாங்களும் எம்.ஏ.வில் அதைப் படித்துத்தான் தேறினோம். அந்த நூலில் அவர் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். அவர் தங்கியது அக்ரகாரத்து வீட்டில். ஆதிதிராவிடர்கள் அவரையும் இன்னொரு பிராமணராகவே பார்த்தார்கள். அதனால் அவர்களைப் பற்றித் திரட்டிய தகவல்கள் அக்ரகாரத்துத் தகவல்கள் அளவுக்குத் தரமானவை அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதை அவருடைய குற்றமாக நாங்கள் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டாரே, அதற்கு நன்றி. ஆனால் அக்ரகாரத்துத் திண்ணையிலிருந்து சேரி எவ்வளவு தூரம் தெரியுமோ அவ்வளவு தூரம்தான் அந்தப் புகழ்பெற்ற நூலிலும் சேரி தெரிகிறது. சேரியின் ஆண்களே மங்கலாகத் தெரிந்தால் பெண்கள் எப்படித் தெரிந்திருப்பார்கள்? வெண்மணிக்கு நேரில் வந்து மைதிலி சிவராமன் எழுதினார். திருச்சிப் பக்கத்து நன்செய் ஊரில் தங்கிப் பள்ளர் பெண்களின் வேலையையும் சடங்குகளையும் பற்றிக் கரின் கபாடியா 1995-இல் நூல் எழுதினார். இவர்களுக்கெல்லாம் நாம் கடன்பட்டவர்கள்தான். ஆனாலும் இவர்கள் எல்லோருமே வெளியிலிருந்து வந்தவர்கள். நம் பெண்கள் தகவலாளிகள். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர்கள். நூலில் அவர்களுக்குப் பெயர்கூட மாற்றித்தான் இருக்கும்.

இதற்குள் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் கூலியாகவும் மருத்துவச்சியாகவும் இருந்த வீரம்மா தம் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் சொல்லச் சொல்ல, ஜோசியான் ரசீன் பதிவு செய்தார். 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் வந்த அந்த நூலின் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் வீரம்மாவுடையது. தன் கையால் எத்தனையோ பிள்ளைகளைப் பிறக்க வைத்த ஒரு பறையர் பெண் அட்டையில் ஆசிரியராக நிற்கிறார். தொப்புள்கொடி அறுப்பது தீட்டுத் தொழில், அதைப் பற்றி எழுதுவது ஆராய்ச்சி என்று பிரித்து வைத்திருந்த கோடு அந்த ஒரு அட்டையில் கொஞ்சம் அழிந்தது.

மருத்துவமும் ஆராய்ச்சியும் நமக்கு அந்நியமானவை அல்ல. நம்மைப் பூர்வகுடி என்று வாதிட்ட அயோத்திதாசர் சித்த வைத்தியர். 1907-இல் தொடங்கிய பத்திரிகையில் சுவடியும் இலக்கியமும் வழக்காறும் கொண்டு வாரந்தோறும் அவர் செய்தது ஆராய்ச்சியேதான். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு நெறியாளர் தரவில்லை, உதவித்தொகையும் தரவில்லை. 1922-இல் அரசு ஆணையில் ஏறிய 'ஆதிதிராவிடர்' என்ற சொல்லில் 'ஆதி' இருக்கிறதே, அது சும்மா ஒட்டிக்கொண்டது அல்ல. உலகத்தில் ஆதிக்குடிகள் என்று தங்களை அழைத்துக்கொள்கிறவர்களோடு, சட்டத்தின் வரையறை எதுவானாலும், நமக்கு உறவு இருக்கிறது. அவர்களில் பெண் ஆய்வாளர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நம் வயலுக்குத் திரும்பலாம்.

நியூசிலாந்தின் மாவோரி இனத்தைச் சேர்ந்த லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999-இல் ஆராய்ச்சி முறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே தம் மக்களுக்குக் கசக்கிறது என்பதில் தொடங்கி, அப்படியானால் நம் ஆராய்ச்சியை நாமே எப்படிச் செய்வது என்பது வரை போகும் நூல் அது. அதைவிட எங்களை உலுக்கியது இன்னொரு கதை. 1988-இல் அங்கே மாவோரிச் செவிலியர் கல்வி பற்றி ஒரு கூட்டம். சட்டப்படி பாதுகாப்பு, தொழில்முறைப் பாதுகாப்பு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, எல்லாப் பாதுகாப்பையும் பேசுகிறீர்கள், எங்கள் பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மாவோரிச் செவிலியரான இரிஹாபெட்டி ராம்ஸ்டென் ஒரு கோட்பாட்டையே கட்டினார். சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர் அல்ல, செவிலியரும் அல்ல, சிகிச்சை பெற்றவர்தான் என்பது அதன் சாரம். 1990களின் தொடக்கத்தில் அந்த நாட்டின் செவிலியர் கவுன்சில் அதைப் பாடத்திலேயே சேர்த்தது. ராம்ஸ்டென் முனைவர் பட்டம் வாங்கியது 2002-இல், இறந்தது அடுத்த ஆண்டு. பட்டத்துக்கு முன்பே அவருடைய சிந்தனை ஒரு நாட்டின் ஆஸ்பத்திரி வாசலை மாற்றிவிட்டது. பெயர் தெரியாத ஒரு மாணவியின் கேள்வியில் தொடங்கியது அது.

சரி, நம் வயலுக்கு வருவோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண், இந்தத் தாலுகாவின் ஒரு காலனியைச் சேர்ந்தவள். அம்மா நடவாள். அவளும் பள்ளி விடுமுறைகளில் நாற்று முடி தூக்கிப் போட்டவள். பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு முடித்து, விவசாயக் கூலிப் பெண்களின் உடல்நலம் பற்றி ஆய்வு செய்யப் பதிவு செய்தாள். நெறியாளர் அவளிடம் ஒரு வினாப்படிவத்தைக் கொடுத்தார். பல நாடுகளில் பயன்பட்ட படிவம், நல்ல படிவம்தான். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை வேளை, பருப்பு உண்டா, கீரை உண்டா, இரும்புச்சத்து மாத்திரை உண்டா என்று கேட்கும். அவள் அதை நிரப்பிக்கொண்டு போனாள். ஆனால் அவளுடைய நோட்டின் ஓரத்தில் வேறொரு கேள்வி இருந்தது: நடவு நாளில் காலையிலிருந்து மத்தியானம் வரை எத்தனை தடவை தண்ணீர் குடித்தீர்கள்?

இந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இங்கே பின்வரிசையில் இருக்கும் அக்காமார்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. விடியும்போது சேற்றில் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை குனிந்த முதுகு நிமிராது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. வரப்பில் ஆண்கள் நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருப்பார்கள். மறைவுக்கு ஒரு புதர்கூடக் கிடையாது. அந்தப் பெண் கேட்டபோது ஒரு பெரியம்மா சொன்னாராம்: "தண்ணிய குடிச்சிட்டு எங்கடி போயி ஒக்கார்றது? அதான் வாயைக் கட்டிக்கிறது." தூரம் வரும் நாட்களில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மா சிரித்துவிட்டு, "நீ ஒங்க அம்மாவக் கேளு" என்று சொன்னாராம்.

வாயைக் கட்டிக்கொள்ளும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும். வயிற்று வலி வரும், இடுப்பு வலி வரும். சேற்றிலேயே நிற்பதால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். அதற்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு மறுநாளும் இறங்குவார்கள். அடிவயிற்று வலி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் யாரோ ஒருவர் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்வார். எடுத்தும் விடுவார்கள். ஏன் எடுத்தீர்கள் என்று பின்னால் கேட்டால், "வலிச்சுது, எடுத்தாச்சு" என்பதோடு முடிந்துவிடும். வலிக்கும் நடவுக்கும் நடுவில் உள்ள கயிற்றைப் பிடித்துப் பார்க்க, அந்தச் சேற்றில் நின்ற கால் வேண்டியிருக்கிறது. வயலில் நின்றவர் எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிடுவார் என்று நாங்கள் சொல்லவில்லை. மாதிரி எடுப்பு, சோதனைக்கூடம், புள்ளியியல் எல்லாம் கற்றாக வேண்டும், அதில் சலுகை கேட்கக்கூடாது. ஆனால் எதைச் சோதிப்பது என்ற யோசனை முதலில் வரவேண்டுமே. அந்த யோசனை சேற்றிலிருந்து வந்தது.

அவளுடைய நெறியாளர் அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு, இது சின்ன விஷயம், ஆய்வேட்டுக்குக் காணாது என்று அடித்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு அது சின்ன விஷயமாகத்தான் தெரிந்திருக்கும்.

பெரிய விஷயம் எது என்று பார்ப்போம். ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும்போது அவர்களுடைய சராசரி வயது, உயர்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று இருக்கிறது. பதினாலரை ஆண்டு. ஒரு பெண் தன் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து அது பத்தாம் வகுப்பு எழுதுவதைப் பார்க்கும் காலம் அது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 விழுக்காட்டுப் பேர், ரத்தசோகை உள்ளவர்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் விகிதம் தமிழ்நாட்டிலேயே அதிகமாக இருந்தது நம் திருவாரூர் மாவட்டத்தில்தான், ஏறத்தாழ 34 விழுக்காடு. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பேர், எவ்வளவு என்பதை அவை சொல்கின்றன. ஏன் என்பதைச் சொல்லவில்லை. அந்த 14.6 ஆண்டு எங்கே போய்த் தொலைகிறது, எந்த வயலில், எந்த மில்லில், எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், எந்த வீட்டு அடுப்படியில் என்று தேட ஆள் வேண்டும். நடவு இயந்திரம் வந்து வேலை குறைந்ததால் திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போய்த் திரும்பிய நம் பெண்பிள்ளைகளின் நுரையீரலில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் ஆள் வேண்டும்.

ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள், நாம் அவர்களை ஆய்வாளர் என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான். கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இல்லாதது என்ன? எந்த வீட்டில் யார் கர்ப்பம், பிக்மி எண் என்ன, ரத்த அளவு என்ன, போன பிரசவத்தில் என்ன ஆயிற்று என்று எல்லாம் இருக்கும். அங்கன்வாடி அக்காவின் எடைப் பதிவேட்டில் ஊரின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் இருப்பார்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் நம் தெருக்காரர்கள்தான். இந்தப் பெண்கள் திரட்டிய தரவு மேலே போகிறது. மேலே போய் அட்டவணையாகிறது, கட்டுரையாகிறது, யாரோ ஒருவருக்குப் பட்டமாகிறது. திரட்டியவர் பெயர் நன்றியுரையில்கூட வராது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீலகிரியின் கூடலூரில் 'அஷ்வினி' அமைப்பு 1990 முதல் ஆதிவாசிகளுக்கான மருத்துவமனை நடத்துகிறது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடிகளைச் சேர்ந்த பெண்களை, பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களையும்கூட, செவிலியர்களாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகவும் அங்கேயே பயிற்றுவித்தார்கள். அந்த மலைக்குடிகளில் அரிவாள் செல் ரத்தசோகை இருப்பதைக் கண்டறிந்து, நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் வேலையில் அந்தப் பெண்களின் பங்கு இல்லாமல் ஒரு வரியும் எழுதியிருக்க முடியாது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில், சிட்டிலிங்கியிலும் 1990களிலிருந்து மலைவாழ் பெண்களை இப்படி உருவாக்கியிருக்கிறார்கள். காவிரிப் படுகையில் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலையில் முடிந்தது சமவெளியில் முடியவில்லை. பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூரில் சரஸ்வதிக்கென்றே தனிக்கோயில் உண்டு, பரீட்சை நேரத்தில் பேனாவும் நோட்டுமாகக் கூட்டம் நெரியும். படிப்புக்குச் சாமியே வைத்திருக்கும் தாலுகா இது. அந்தச் சாமி நம் பெண்களுக்கு மாதாமாதம் ஃபெலோஷிப் பணத்தை அனுப்பி வைத்தால் தேவலை.

பணத்துக்கு வருவோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். நல்ல தொகை. தேர்வானவருக்கு, வரும்போது. வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பது இங்கே இருக்கும் மாணவிகளுக்குத் தெரியும். கிறித்துவத்துக்குப் போன நம் குடும்பங்களின் பெண்ணுக்கு அதுவும் கிடையாது, 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் தரும் முனைவர் பட்ட ஊக்கத்தொகையில் அவளுக்கும் இடம் உண்டு. இந்த விவரமே தெரியாமல் படிப்பை விட்டவர்களை எங்களுக்குத் தெரியும். எம்.ஃபில். படிப்பை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். முதல் தலைமுறைப் பெண்ணுக்கு அது ஒரு படிக்கட்டாக இருந்தது. ஒன்றிரண்டு ஆண்டில் ஒரு சின்ன ஆய்வு எழுதிப் பார்த்து, நம்மால் முடியும் என்று தெரிந்துகொண்டு மேலே ஏறுவார்கள். இப்போது ஒரே தாவலாகத் தாவ வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கலாமே என்பார்கள். போகலாம். பட்டியல் சாதியினருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையின் விதிகளை ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் மாற்றியது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இனி அந்தப் பணம் இல்லை என்றது. யோசித்துப் பாருங்கள். நம் பெண் ஒருத்தி அந்தப் பணத்தில் லண்டன் போய் வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் ஆராயலாம். தன் சேரியைப் பற்றி மட்டும் ஆராயக்கூடாது. அம்பேத்கர் 1916-இல் கொலம்பியாவில் வாசித்த முதல் பெரிய கட்டுரையே இந்தியாவில் சாதிகள் பற்றித்தான். இந்த விதி அன்று பரோடா சமஸ்தானத்தில் இருந்திருந்தால் அந்தக் கட்டுரை பிறந்திருக்காது.

அம்பேத்கரின் கதையை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலைக்குப் போனால் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டினார்கள். 1920-இல் மறுபடியும் லண்டன் போக கோலாப்பூர் சாகு மகராஜ் கைகொடுத்தார். பணம், தங்குமிடம், கைகொடுக்க ஒருவர். நூறு ஆண்டு கழித்தும் நம் பெண் ஆய்வாளர்கள் எங்களிடம் வந்து சொல்வது இதே மூன்றைத்தான். திருவாரூரில் வீடு கேட்டால், "நீங்க எந்தப் பக்கம்?" என்ற விசாரணையில் தொடங்கி, "சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இல்லம்மா" என்பதில் முடிகிறது. ஆனால் அம்பேத்கரிடம் இருந்த நான்காவது ஒன்று நம் பெண்களிடம் இல்லை. அவர் நூலகத்தில் இருந்தபோது பம்பாயில் வறுமையையும் குடும்பத்தையும் பிள்ளைகளின் சாவையும் ரமாபாய் சுமந்தார். ஆராய்ச்சி செய்யும் பெண்ணுக்கு ரமாபாய் யார்? களப்பணி முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்குச் சோறு வடித்து வைக்கிறவர் யார்? முனைவர் பட்ட மாணவிக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசமும் பல்கலைக்கழக மானியக்குழு விதியில் இருக்கின்றன. விதியில் இருப்பதை மாமியார் வீட்டில் யார் போய்ப் படித்துக் காட்டுவது?

எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனவர்கள் உள்ளே என்ன ஆனார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 2016 ஜனவரியில் ரோகித் வேமுலா. 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பில் இருந்த பாயல் தட்வி, தட்வி பில் பழங்குடிப் பெண், வயது 26. சாதி சொல்லி இழிவுபடுத்தியதாக மூத்த மருத்துவர்கள் மூவர் மீது வழக்கு. அதே ஆண்டு ராதிகா வேமுலாவும் அபேதா தட்வியும், பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள், உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரிச் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒரு பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. மாதம் ஒரு முறையாவது போன் செய்து, "சாப்பிட்டியாம்மா, கைடு எப்படி இருக்காரு, யாராவது எதாவது சொல்றாங்களா" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

இங்கே கொஞ்சம் கசப்பான விஷயம். நம் பெண் ஆய்வாளர் சேரிக்குள் வந்து கேள்வி கேட்டால் அது வயலோடு நிற்காது. டாஸ்மாக்கைக் கேட்பாள். வீட்டுக்குள் விழும் அடியைக் கேட்பாள். ரத்தசோகை உள்ள வீட்டில் மீன் குழம்பின் நடுத்துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்று கேட்பாள். அப்போது நம் இயக்கங்களின் ஆண்கள் சிலருக்கு முகம் மாறுகிறது. "எதிரி கையில ஆயுதம் குடுக்கிற மாதிரி ஆயிரும், இதெல்லாம் இப்ப எழுத வேணாம்" என்கிறார்கள். மேடையில் தலித் பெண்ணியம் பேசுகிறவர்களே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும் உண்டு. தலித் பெண்கள் தனியாகப் பேச வேண்டியிருப்பது ஏன் என்று கோபால் குரு 1995-இலேயே எழுதினார். வெளியே உயர்சாதிப் பெண்கள் நமக்காகப் பேசிவிடுகிறார்கள், உள்ளே நம் ஆண்கள் பேசிவிடுகிறார்கள், இரண்டுக்கும் நடுவில் இவள் எங்கே பேசுவாள் என்பதுதான் அவர் எழுப்பிய பிரச்சினை. இந்த அவையில் அவளைப் பேச விடாமல் பல்கலைக்கழகம் அவளைப் பேச விடவில்லை என்று புகார் சொல்வதில் நியாயம் கிடையாது.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு மராட்டியத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. மீனாட்சி மூனும் உர்மிளா பவாரும், இருவருமே தலித் பெண்கள், அம்பேத்கர் இயக்கத்தில் பங்கெடுத்த பெண்களைத் தேடித் தேடிப் போனார்கள். யாருக்கும் தெரியாத பாட்டிமார்கள். மாநாட்டுக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனவர்கள், ஊரில் சங்கம் கட்டியவர்கள். உர்மிளா அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்தார். 1989-இல் மராத்தியில் நூல் வந்தது. நாங்களும் வரலாறு படைத்தோம் என்பது தலைப்பின் பொருள். 'ஆண்கள் இயக்கம்' என்று எண்ணியிருந்த ஒன்றுக்குள் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பது அதற்குப் பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கத்தில் நின்ற நம் பாட்டிமார்களின் கதையை இப்படித் தொகுத்த, நம் தெருப் பெண் எழுதிய ஒரு நூலை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பாட்டிமார்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்த மன்றத்திடம் எங்களுக்குச் சில கோரிக்கைகள். இலக்கிய மன்றத்துக்கு இது வேலையா என்று கேட்க வேண்டாம். எழுதுகிறவருக்கு மேசை போட்டுத் தருவது இலக்கிய வேலைதான்.

திருவாரூரிலோ நன்னிலத்திலோ ஒரு வீடு வேண்டும். மூன்று நான்கு மாணவிகள் தங்க, மின்விசிறியும் இணையமும் உள்ள சாதாரண வீடு. சாதி கேட்காத சாவி ஒன்று நம் கையில் இருக்க வேண்டும். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்து, வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு சின்ன நிதி வேண்டும். மகளிர் குழு நடத்தத் தெரிந்த அக்காமார்கள் இருக்கும் ஊரில் இதற்குத் தணிக்கையாளர் தேட வேண்டியதில்லை. ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகின்றன. தகவல் சொன்ன தெருவுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. சமர்ப்பிக்கும் முன்பு அதைத் தமிழில் சுருக்கி, அதே தெருவின் சமுதாயக் கூடத்தில் ஒரு மாலை வாசித்துக் காட்ட வேண்டும். நாம் கவிதை வாசிக்கக் கூடுவதில்லையா, அதைப் போல. "நான் அப்படிச் சொல்லலியே" என்று யாராவது எழுந்து சொன்னால் திருத்திக்கொள்ள வேண்டும். நெறியாளர் கேட்கும் கேள்விகளைவிட அது கடினமாக இருக்கும், பழகிக்கொள்ளட்டும். தரவு திரட்டித் தந்த செவிலியர், அங்கன்வாடி அக்கா, தன்னார்வலர் ஆகியோர் சம்மதித்தால் அவர்கள் பெயர் முதல் பக்கத்தில் வர வேண்டும், நாம் வெளியிடும் சிறுநூல்களிலாவது.

நெறியாளர் அடித்துவிட்ட அந்தக் கேள்வியை அந்தப் பெண் விடவில்லை. தன் ஆய்வேட்டில் படிவத்தின்படி எழுதுகிறாள். இந்தக் கேள்வியைத் தனியாக, தன் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் வருகிற குறுவை நடவில் கேட்கப் போகிறாள். காலையில் எத்தனை தடவை தண்ணீர், எங்கே ஒதுங்கினார்கள், சாயங்காலம் எரிச்சல் இருந்ததா என்று நடவு நாள்தோறும் குறித்து வைக்க ஒவ்வொரு நடவுக் குழுவிலும் ஒரு ஆள் வேண்டும். எழுதத் தெரிந்தவராக இருந்தால் நல்லது, தெரியாவிட்டால் கோடு போடத் தெரிந்தால் போதும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் தள்ளித் திறந்தாலும் அதற்கு முன் ஆட்கள் தயாராக வேண்டும். வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். குழுவில் சேர நினைக்கும் அக்காமார்கள் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போங்கள். வீடு தரக்கூடியவர்கள் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.